பதினேழு நிமிட மைக் டெஸ்டிங்

இணையத்தில் எங்கள் இசைக்குழுவுக்கென்று ஒரு பக்கம் இருக்கிறது. தொடக்க காலம், திண்டிவனம் காலகட்டம், பரிசோதனைக் காலகட்டம், உறுப்பினர் மாற்றங்கள், இசைப் பாணி, மரபு என்று தலைப்புத் தலைப்பாகப் பிரித்து, உலகம் சுற்றி வந்த குழுவுக்கு எழுதுவதுபோல எழுதியிருக்கும். எழுதியவன் எங்கள் கிதார்க்காரன். அவ்வப்போது திருத்துகிறவனும் அவன்தான். எனக்குத் தெரிந்து அதைப் படித்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் அவன், இன்னொருவன் நான். நான் படிப்பது எரிச்சல்படுவதற்காக.

அவன் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் "ஊடகங்களில்" என்று புதிதாக ஒரு தலைப்புப் போட்டு இதையும் அங்கே கொண்டுபோய் ஒட்டிவிடுவான்.

திண்டிவனத்தில் அவன் அப்பா மைக் செட் கடை வைத்திருந்தார். காதுகுத்து, கல்யாணம், கூழ் ஊற்றுதல், கட்சிக் கூட்டம் எதுவானாலும் குழாய் ஸ்பீக்கரும் பெட்டி ஸ்பீக்கரும் சீரியல் பல்பும் அங்கிருந்துதான் போகும். அப்பாவுக்கு முழங்கால் வலி வந்தபிறகு கடை அவன் கைக்கு வந்தது. "இது தற்காலிகம்டா" என்பான். பத்து வருடமாகத் தற்காலிகமாகவே அதை நடத்திக்கொண்டிருந்தான். நிரந்தரமானது கிதாரும், அதில் அவன் வாசித்த புரோக்ரசிவ் மெட்டலும்தான் என்பது அவன் கட்சி.

புரோக்ரசிவ் மெட்டல் என்றால் என்னவென்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் விளக்கம் இது. சாதாரணப் பாட்டில் நான்கு எண்ணினால் ஒரு சுற்று முடிந்துவிடும். காலால் தாளம் போடலாம், தலையாட்டலாம், மனுஷன் மாதிரி கேட்கலாம். இதில் ஏழு எண்ண வேண்டும். ஏழு பழகி, கால் சரியான இடத்தில் விழ ஆரம்பித்ததும் அதைப் பதினொன்றாக மாற்றிவிடுவார்கள். கேட்கிறவன் நிம்மதியாக இருந்துவிடக்கூடாது என்பதில் அவ்வளவு அக்கறை. இந்த விளக்கத்தை அவன் ஒருபோதும் ஏற்றுக்கொண்டதில்லை.

குழுவில் நாங்கள் நான்கு பேர். கிதார் அவன். டிரம்ஸ் ஜெரோம், விழுப்புரத்தில் எங்கள் தெருக்காரன், ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் பாடற்குழுவுக்கு மிக அடக்கமாக வாசித்துவிட்டு, அதில் அடக்கியதையெல்லாம் மதியம் எங்களிடம் வந்து தீர்ப்பான். பாட்டு தணிகாசலம், விழுப்புரத்துக்குப் பக்கத்தில் காணைக்காரன், கரும்பும் நெல்லும் மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் போடுகிற குடும்பம். பாடினான் என்று சொல்வது மரியாதைக்காகத்தான். வயலில் இறங்கிய பன்றியைக் கரையில் நின்றபடியே விரட்டுகிற குரல் அவனுக்கு. அந்தக் குரலை வைத்துதான் அவனைச் சேர்த்துக்கொண்டோம். நான் பேஸ் கிதார். விழுப்புரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. வாரம் முழுக்க ஊசி குத்திவிட்டு, சனிக்கிழமை மதியம் பாசஞ்சர் பிடித்துத் திண்டிவனம் போவேன்.

குழுவுக்கு அவன் வைத்த பெயர் "கல்லாகிய மரம்". திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள் வரிசையாகக் கிடக்கின்றன அல்லவா, பள்ளிக்கூடத்தில் சுற்றுலா கூட்டிப்போனபோது எல்லாப் பிள்ளைகளும் அதன்மேல் ஏறி உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட, இவன் மட்டும் காதை வைத்துக் கேட்டானாம். பெயரை ஸ்பீக்கர் பெட்டிகளின் பின்னால் பெயிண்டில் எழுதி வைத்தோம். போகிற ஊரெல்லாம் எங்களிடம் தேக்கு என்ன விலை என்று விசாரித்தார்கள்.

எங்களிடம் ஒரே ஒரு பாட்டுதான் இருந்தது. "இரண்டு கோடி வருஷம்" என்று பெயர். ஒரு மரம் முளைத்து, வளர்ந்து, வெள்ளத்தில் விழுந்து, மண்ணில் புதைந்து கல்லாகிற கதை. மொத்தம் பதினேழு நிமிடம். முதல் பதினான்கு நிமிடத்தில் மரம் படுகிற பாடு முழுக்க வந்துவிடும். கடைசி மூன்று நிமிடம் அது கல்லாகிவிட்ட பிறகு. அதில் சத்தம் இல்லை, கத்தல் இல்லை, நான்கு எண்ணிக்கைதான். அவன் கிதார் மட்டும் மெதுவாக ஒரு மெட்டை வாசிக்கும், நாங்கள் அதன் பின்னால் அடக்கமாகப் போவோம். அந்த மூன்று நிமிடத்துக்காகத்தான் மற்ற பதினான்கையும் எழுதினேன் என்பான். அதை யாராவது ஒரு ஆள், வெளி ஆள், முழுசாக உட்கார்ந்து கேட்கவேண்டும் என்பதுதான் அவன் வாழ்க்கையில் ஆசைப்பட்ட ஒரே விஷயம்.

எங்கே கேட்க விட்டார்கள்?

அந்தப் பக்கத்தில் "நூற்றுக்கும் மேற்பட்ட நேரடி நிகழ்ச்சிகள்" என்று போட்டிருக்கிறான். அது நடந்த விதத்தைச் சொல்கிறேன். விழா ஆறு மணிக்கு என்றால் மைக் செட் வண்டி ஒரு மணிக்கே போய்விடும். மரத்தில் குழாய் கட்டி, மேடையில் பெட்டி வைத்து, ஒயர் இழுத்து முடிக்க நான்கு மணி ஆகும். பிறகு யாராவது மைக்கைத் தட்டி, ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ என்று சொல்லிப் பார்க்கவேண்டும். ஊர் உலகத்தில் எல்லா மைக் செட்காரரும் மூன்றோடு நிறுத்திக்கொள்வார்கள். இவன் மட்டும் செவன் வரைக்கும் போவான். அதுதான் எங்களுக்கு அடையாளம். உடனே வண்டியிலிருந்து டிரம்ஸை இறக்கி, காலி நாற்காலிகளுக்கு எதிரில் "இரண்டு கோடி வருஷ"த்தை ஆரம்பிப்போம். யாராவது கேட்டால், டெஸ்டிங். அந்தப் பக்கத்தில் அதற்குப் பெயர் இசைப்பயணம்.

சிறியதைச் சிறியதென்று சொல்ல அவனுக்கு வாய் வராது. மழைக்காலத்தில் சாமான்களை விழுப்புரத்தில் என் வீட்டு மாடியில் இரண்டு மாதம் போட்டு வைத்ததற்கு "விழுப்புரம் இடப்பெயர்வு" என்று பெயர். தணிகாசலம் மல்லாட்டை பிடுங்க வேண்டியிருக்கிறது என்று மூன்று வாரம் வராமல் போனதை "பாடகர் தனிப்பட்ட திட்டங்களில் கவனம் செலுத்தினார்" என்று எழுதியிருக்கிறான். நாங்கள் சிரிப்போம். அவன் சிரிக்க மாட்டான். முப்பத்தைந்து வயதாகியும் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லையே என்று யாராவது கேட்டால், "இருங்க சார், இன்னும் இன்ட்ரோவே முடியல" என்பான்.

முதன்முதலில் வாசித்தது திருவக்கரைக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், அம்மன் கோயில் திருவிழாவுக்கு. அவன் கிதாரின் முதல் உறுமல் குழாயில் வந்ததும், அப்போது கூட வந்திருந்த அவன் அப்பா முழங்கால் வலியையும் மறந்து எழுந்து ஓடினார்.

"டேய், நிறுத்துடா! ஸ்பீக்கர் கோன் கிழிஞ்சிட்சி, சத்தம் பிசிறுது பாரு!"

"நைனா, அது கிழியல. அதான் சவுண்டே."

"காசு குட்த்து கிழிஞ்ச சவுண்ட வாங்கிக்கினு வந்தியா?"

அவர் போய் ஒவ்வொரு பெட்டியிலும் காதை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். தணிகாசலம் கத்த ஆரம்பித்தபோது, பொங்கலுக்கு அடுப்புக் கூட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாளுக்கு அருள் வந்துவிட்டது. இருக்கிற அத்தனை பேரும் வேப்பிலையோடு ஓடிவந்தார்கள். பூசாரி எங்கள் மேடைக்கு எதிரில் நின்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "ஏழு அடி வருது. ஏழு கன்னிமாருக்கு அடிக்கிறாங்கப்பா பசங்க, விவரமானவங்க" என்று எல்லோருக்கும் விளக்கினார். ஒரு புரோக்ரசிவ் மெட்டல் குழுவுக்கு இதைவிட நல்ல ரசிகர் கிடைக்க மாட்டார். அதற்குள் ஏழு பதினொன்றாக மாறிவிட்டது. எண்ணிக்கொண்டிருந்த பூசாரிக்குக் கோபம் வந்து நிறுத்தச் சொல்லிவிட்டார். ஆறு நிமிடத்தோடு முடிந்தது.

"பாவம் அந்தம்மா" என்றேன் வண்டியில்.

"மொத வெர்ஸ்லியே அருள் வந்துட்சிடா அவங்களுக்கு. கொஞ்சம் பொறுத்திருந்தா கடைசில எவ்ளோ நல்லாருந்திருக்கும்" என்றான் அவன், உண்மையான வருத்தத்தோடு.

மேல்சித்தாமூரில் நடந்தது இன்னும் அழகு. ஒரு நைனார் வீட்டு, அதாவது தமிழ்ச் சமணர் வீட்டு விசேஷம். அவர்கள் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கிறவர்கள் என்பது எங்கள் நான்கு பேருக்கும் தெரியும். தெரிந்தும் ஒருவனுக்கும் உறைக்கவில்லை. வழக்கம்போல நான்கரை மணிக்கு ஆளில்லாத நேரம் என்று நினைத்துக்கொண்டு மேடையேறினால், எதிரில் பந்தி போட்டு இருநூறு பேர் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அத்தனை கூட்டத்தை நாங்கள் கண்டதேயில்லை. ஆரம்பித்துவிட்டான். தணிகாசலம் முதல் கத்தல் கத்தியதும் இருநூறு கைகளும் இலைமேல் அப்படியே நின்றன. திட்டியிருந்தால்கூடத் தேவலை, பாவம், ஒரு எறும்பைக்கூட மிதிக்க நினைக்காத மனிதர்கள். வெள்ளைவேட்டிப் பெரியவர் ஒருவர் மெதுவாக மேடையேறி வந்து தணிகாசலத்தின் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

"தம்பிக்கு ஒடம்பு சரியில்லைங்களா? தண்ணி குடிங்க. மொதல்ல வந்து ஒரு வாய் சாப்புடுங்க எல்லாரும்."

ஒன்பதாவது நிமிடத்தில் கிதாரைக் கழற்றி வைத்துவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தோம். சாப்பாடு மிக நன்றாக இருந்தது. அந்தப் பக்கத்தில் இந்த நிகழ்ச்சிக்கு "அரங்கு நிறைந்த கூட்டம், உணர்ச்சிகரமான வரவேற்பு" என்று இருக்கிறது.

இப்படியே எத்தனையோ. ஐந்தாவது நிமிடத்தில் மெல்லிசைக் குழு வந்து இறங்கும். பத்தாவதில் கரண்ட் போகும். பன்னிரண்டில் பெண்ணின் தாய்மாமன் வந்து, "தம்பி, மூணு எருமை கயித்த அத்துக்கினு ஓடிட்சி" என்பார். பதினான்காவது நிமிடத்தை நாங்கள் தாண்டியதே இல்லை.

அவனைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு கட்சிக் கூட்டத்தில் மைக் கொஞ்சம் கிறீச்சிட்டதற்கு, பேச வந்தவர் அவன் அப்பாவை மேடைக்குக் கூப்பிட்டு, அதே மைக்கில், ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி வைதார். அந்த ஆள் மைக்கை ஸ்பீக்கருக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றதுதான் கிறீச்சிட்டதற்குக் காரணம். அப்பா கைகட்டி நின்றாராம். "எவன் தப்பு பண்ணாலும் மேடைல மொதல்ல திட்டு வாங்கறது மைக் செட்காரன்தான்டா. அவனுக்கு பதில் சொல்ல மைக்கு குடுக்க மாட்டாங்க" என்று ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறான். அவன் பெரிதாக்கிச் சொல்லாத ஒரே சம்பவம் அதுதான். அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

பிறகு எங்களுக்கும் ஒரு நாள் வந்தது. பாண்டிச்சேரி போகிற வழியில் ஒரு பொறியியல் கல்லூரியில் கலைவிழா. ஜெரோமின் தம்பி அங்கே படித்துக்கொண்டிருந்தான், அவன் பெயர் கொடுத்து எங்களுக்கு இடம் வாங்கிவிட்டான். இருபது நிமிடம். டெஸ்டிங் இல்லை, உண்மையான நிகழ்ச்சி. பாட்டு கேட்கவென்றே வந்து உட்கார்ந்த பிள்ளைகள். மைக் செட்டும் எங்களுடையது இல்லை, வேறு ஊர்க்காரருடையது. நாங்கள் வாசித்தால் போதும். அவன் ஒரு மாதம் சரியாகச் சாப்பிடவில்லை.

அன்றைக்குக் காலையிலிருந்தே அவன் கண் மேடையில் நிற்கவில்லை, மேடைக்கு வலதுபக்கம் போகிற ஒயரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்த ஜாயின்ட் சரியில்லடா. டேப்பு உரிஞ்சிக்கினு வருது பாரு."

"இன்னிக்கி நீ ஆர்ட்டிஸ்ட்டு. அத்தயெல்லாம் பாக்காத" என்றேன்.

ஆரம்பித்தோம். பிள்ளைகளில் பாதிப்பேர் எழுந்து டீ குடிக்கப் போனார்கள். மீதிப் பாதி உட்கார்ந்திருந்தது. முன்வரிசையில் நான்கைந்து பையன்கள் ஏழு எண்ணிக்கைக்குச் சரியாகத் தலையாட்டினார்கள். பதினொன்றுக்கும் ஆட்டினார்கள்! பத்து நிமிடம் போனது, பன்னிரண்டு போனது, எருமை எதுவும் ஓடவில்லை. பதின்மூன்றில் அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். பதினான்காவது நிமிடத்தில் வலதுபக்கம் மொத்தமும் செத்தது. இடதுபக்கம் படபடவென்று வெடித்தது. காதைப் பொத்திக்கொண்டு கூச்சல் போட்டார்கள். நிகழ்ச்சி நடத்தியவர் மைக்கைப் பிடுங்கினார்.

"யாருய்யா மைக் செட்டு? அறிவில்ல? மேல வாய்யா, யாருன்னு எல்லாரும் பாக்கட்டும்!"

அறுபது வயதிருக்கும் அந்த மைக் செட்காரருக்கு. டெஸ்டரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார், எங்கே கைவைப்பது என்று தெரியாமல் நின்றார். பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். இடதுபக்கம் ஒருமாதிரி அடங்கிவிட்டிருந்தது. ஒரு பக்கச் சத்தத்தை வைத்துக்கொண்டே அந்த மூன்று நிமிடத்தை வாசித்திருக்கலாம். நான் அவனைப் பார்த்து ஆரம்பி என்று தலையை அசைத்தேன். அவன் கிதாரைக் கழற்றி ஸ்டாண்டில் வைத்தான். மேடையிலிருந்து குதித்தான். அந்தப் பெரியவரின் தோளைத் தொட்டு ஒதுக்கிவிட்டு, ஒயர்க் கட்டுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தான்.

கிதார் இல்லாமல் கடைசி மூன்று நிமிடம் என்று ஒன்று கிடையாது. ஜெரோம் என்ன செய்வதென்று தெரியாமல் சிம்பல் தட்டைத் தடவிக்கொண்டிருந்தான். நாங்கள் மூன்று பேரும் கல்லாகிய மரமாகவே நின்றோம். இருபது நிமிடத்துக்கு மணி அடித்துவிட்டார்கள். அதே நேரத்தில் இரண்டு பக்கமும் ஸ்பீக்கர் உயிர் பெற்றது, அவ்வளவு சுத்தமாக. அடுத்து ஏறிய நடனக்குழுவுக்கு அன்றைக்குக் கிடைத்த மாதிரிச் சத்தம் எவனுக்கும் கிடைத்திருக்காது. முதல் பரிசும் அவர்களுக்குத்தான்.

மேடைக்குப் பின்னால் போனேன். ஒரு பெட்டிமேல் அந்தப் பெரியவரும் இவனும் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். இவன் கையெல்லாம் கரி. எனக்கு வந்த ஆத்திரத்தில் என்ன சொல்கிறோம் என்று யோசிக்கவில்லை.

"நீ ஜென்மத்துக்கும் மைக் செட்காரன்தான்டா" என்றேன்.

"ஆமா" என்றான். "அதான் நானு."

"எத்தினி வருஷம்டா? நாங்கள்லாம் எதுக்குடா வந்தோம்?"

"அந்தாளு கை நடுங்கிக்கினு இருந்திச்சிடா. நீ பாக்கல?"

பார்த்திருந்தேன். நன்றாகவே பார்த்திருந்தேன். இருந்தும், "நடுங்கினா நமக்கின்னா?" என்றேன். அந்தப் பெரியவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். என் வாயால் நான் சொன்னவற்றில் அவமானமான வாக்கியம் அதுதான். சொன்ன கையோடு பேஸ் கிதாரை அந்தப் பெட்டியின்மேல் சாய்த்து வைத்துவிட்டு, ரோட்டுக்கு நடந்துபோய் விழுப்புரம் பஸ் ஏறினேன். அவன் கூப்பிடவில்லை.

அந்த வாரமே இணையப் பக்கத்தில் ஒரு வரி சேர்ந்தது. "தொழில்நுட்பக் கோளாறைத் தொடர்ந்து குழு காலவரையற்ற ஓய்வில் சென்றது." பிறகு ஜெரோம் துபாய்க்கு வேலைக்குப் போனான். "குழுவின் சர்வதேசக் காலகட்டம்" என்று போட்டு, அவன் பெயரை "முன்னாள் உறுப்பினர்கள்" தலைப்பின்கீழ் நகர்த்தினான். தணிகாசலத்துக்குக் கல்யாணமாகி, அவனும் முன்னாள் ஆனான். என் பெயரை எப்போது நகர்த்தப்போகிறான் என்று மாதத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்ப்பேன். நகர்த்தவில்லை. "தற்போதைய உறுப்பினர்கள்" என்று அவன் பெயரும் என் பெயரும் மட்டும் ஐந்து வருடமாக அங்கேயே கிடந்தன. சோம்பேறி, மறந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். வேறு மாதிரி நினைக்க எனக்குத் தைரியம் இல்லை.

எனக்குக் கல்யாணமானது தணிகாசலத்தின் ஊரான காணையில். போன வைகாசியில் என் மைத்துனன் குழந்தைக்குக் காதுகுத்து. காலையில் கோயிலில் குத்திவிட்டு, சாயங்காலம் வீட்டுக்குப் பக்கத்துக் களத்தில் பந்தல் போட்டு விருந்து. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, மருமகன் என்கிற பொறுப்பில் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். தென்னைமரத்துக் குழாயிலிருந்து குரல் வந்தது.

"ஹலோ. மைக் டெஸ்டிங். ஒன், டூ, த்ரீ, ஃபோர், ஃபைவ், சிக்ஸ், செவன்."

செருப்புக்கூடப் போடாமல் போய் நின்றேன். முன்நெற்றியில் முடி போயிருந்தது, தொப்பை வந்திருந்தது. என்னைப் பார்த்ததும் மைக்கை அணைத்தான்.

"இந்த ஊட்டு மாப்ள நீதானா?"

"ஆமா."

"சவுண்டு எப்டி கீது? ரைட்டு சைடு கம்மியா தெரீதா?"

"இல்ல. சரியா இருக்குது." தென்னைமரத்துக் குழாயைத் திரும்பிப் பார்த்தேன். பிறகு நான் ஆரம்பித்தேன். "அன்னிக்கி காலேஜ்ல நான் பேசினது தப்புடா. அந்தப் பெரியவர் எதிர்ல..."

"வுடு" என்றான். "அது ஒரு காலகட்டம்."

வண்டிக்குள் ஏறி ஒரு பையை எடுத்துக்கொண்டு வந்தான். என் பேஸ். திறந்து பார்த்தால் கம்பிகள் பளபளவென்று புதிதாக இருந்தன.

"எப்ப மாத்தின?"

"வருஷா வருஷம் மாத்திடுவேன். இல்லாங்காட்டி துருப்புடிச்சிக்கும் இல்ல" என்றான், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

செவன் என்கிற எண் வயல்வரைக்கும் கேட்டிருக்க வேண்டும். தணிகாசலம் முழங்கால் சேற்றோடு வரப்பில் வேகமாக வந்தான். "டேய், ஜல்தி ஆரம்பிங்கடா, மோட்டார ஓட வுட்டுட்டு வந்திருக்கேன்" என்றான். ஜெரோம் மட்டும்தான் இல்லை. அவன் என்றைக்கோ வாசித்துப் பதிவு செய்து கொடுத்திருந்த டிரம்ஸ் இவன் லேப்டாப்பில் இருந்தது. எதிரில் முந்நூறு பிளாஸ்டிக் நாற்காலி, எல்லாம் காலி. நுழைவாயிலில் ஏணிமேல் நின்று ஒருவர் பூச்சரம் கட்டிக்கொண்டிருந்தார். கூட்டம் அவ்வளவுதான்.

ஆரம்பித்தோம். எனக்கு விரல் மரத்துப்போயிருந்தது, பதினொன்றில் இரண்டு இடத்தில் விழுந்து எழுந்தேன். தணிகாசலம் குரல் அப்படியே இருந்தது. சமையல்காரர்கள் கரண்டியோடு வெளியே வந்து பார்த்தார்கள். என் மாமியார் வாசல்வரைக்கும் வந்து, மேடையில் இருப்பது யாரென்று தெரிந்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். சரியாகப் பதினான்காவது நிமிடத்தில், வழக்கப்படி, நிறுத்தச் சொல்ல ஒருவர் வந்தார். என் மாமனார். தோள்துண்டைச் சரிசெய்தபடி மேடைப்படியில் கால் வைத்தவர் என்னைப் பார்த்தார். நான் விரலை எடுக்காமல் அவரையே பார்த்தேன். மாப்பிள்ளை ஒரு காரியம் செய்துகொண்டிருக்கும்போது நிறுத்துங்கள் என்று சொல்லும் தைரியம் எங்கள் பக்கத்தில் எந்த மாமனாருக்கும் கிடையாது. எச்சிலை விழுங்கிக்கொண்டு, "நடத்துங்க மாப்ள" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். அந்த வீட்டுக்கு மருமகனாகப் போனதில் எனக்குக் கிடைத்த உருப்படியான பலன் அதுதான்.

கடைசி மூன்று நிமிடம். அவன் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான். தென்னைமரத்துக் குழாயிலிருந்து அந்த மெட்டு காணை முழுக்கப் போயிற்று. கரண்ட் போகவில்லை. எருமை ஓடவில்லை. முடிந்தது. முடிந்தபிறகு யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை, எங்களுக்கு முடித்துப் பழக்கமே இல்லையே.

ஏணிமேலிருந்த பூக்காரர்தான் பேசினார்.

"முடிஞ்சிதாப்பா?"

"முடிஞ்சிதுங்க" என்றான் அவன்.

"கடைசில வாசிச்ச பாரு, அது நல்லாருந்திச்சி. அத்த மொதல்லியே வாசிச்சிருக்கலாம் இல்ல?" என்று சொல்லிவிட்டு அடுத்த சரத்தை எடுத்தார்.

அவன் மைக்கிடம் குனிந்தான். "சவுண்டு ஓகே" என்றான். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுற்ற வேண்டிய அவசியமே இல்லாத ஒரு ஒயரை வெகுநேரம் சுற்றிக்கொண்டிருந்தான்.

மறுநாள் வேலையில் உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். எதிர்பார்த்தபடி புதிதாக ஒரு பத்தி இருந்தது. "ஐந்து ஆண்டு ஓய்வுக்குப் பிறகு குழு காணையில் மீண்டும் ஒன்றிணைந்தது. முந்நூறு இருக்கைகள் கொண்ட திறந்தவெளி அரங்கில், 'இரண்டு கோடி வருஷம்' முதன்முறையாக முழுமையாக இசைக்கப்பட்டது. அதன் இறுதிப் பகுதி விமர்சகரின் பாராட்டைப் பெற்றது."

எரிச்சல்படுவதற்கு ஏதாவது கிடைக்கும் என்று மூன்று தடவை படித்தேன். ஒரு வரிகூடப் பொய் இல்லை.